ஏழாம் புள்ளியில் ஒற்றைக் கம்மல்

அத்தியாயம் 9

“அக்கா, உங்க மலை தலைகீழாத் தொங்குது” என்றேன்.

அந்தச் சுவரைப் பார்த்த எவனும் அதைத்தான் சொல்லியிருப்பான். இரண்டடிக்கு இரண்டடி சதுரமாக ஒரு செயற்கைக்கோள் படம். மேலே இருக்கவேண்டிய தலைப்பு அடியில் இருந்தது, எழுத்துகள் சிரசாசனம் செய்துகொண்டிருந்தன. வடக்கைக் காட்டும் அம்புக்குறி தரையைக் குத்தியது. படத்தின் மேல் செருகியிருந்த காகிதக் கொடிகளில் மட்டும் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்கள் நேராக இருந்தன.

“தெரியும். நான்தான் அப்படி மாட்டினேன்” என்றார் வரைபடக்காரம்மா. மூன்று வாரமாகச் சரியாகத் தூங்காத முகம். ஆனாலும் குரலில் கெஞ்சல் இல்லை.

“சுவருக்கு யோகா சொல்லித் தரீங்களா?”

“முப்பத்திநாலு, வாயை மூடு” என்றார் டீச்சர்.

என்னைப் பெற்றவர்கள் எனக்கு வைத்த பெயர் வேறு. முப்பத்திநாலு என்பது ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் நான் வாங்கிய மதிப்பெண். முப்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி. ஒரே ஒரு மதிப்பெண் போட்டு என்னைக் கரையேற்ற மறுத்த அந்தக் கணக்கு டீச்சர்தான் இன்று என் முதலாளி. வினாத்தாள் திருட்டு ஒன்றைக் கண்டுபிடித்த ருசியில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் துப்பறிய வந்தவர். எனக்கு வேலை கொடுத்தது பாவமன்னிப்புக்காக என்று நான் சொல்வேன். ஓசியில் மட்டம்தட்ட ஒரு ஆள் வேண்டும் என்பதற்காக என்று அவர் சொல்வார்.

வழக்கு இதுதான். நாட்டில் எங்கே மரம் அடர்ந்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது, எங்கே இல்லவே இல்லை என்று செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துக் குறிப்பது இந்த அம்மாளின் அலுவலகத்துக்கு வேலை. வரைபடக்காரம்மா இந்த மலையை ‘அடர்ந்த காடு’ என்று குறித்தார். மலையைக் கல்குவாரிக்குக் கேட்டிருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. சரிபார்க்க ஒரு தனியார் நிறுவனம் வந்தது. சரிபார்ப்புக்குக் குறித்த பன்னிரண்டு இடங்களுக்கும் காலால் நடந்தோம், ஒரு மரம்கூட இல்லை, எல்லாம் மொட்டைப் பாறை, இந்த அம்மாள் வேண்டுமென்றே காடு வரைந்திருக்கிறார் என்று அறிக்கை கொடுத்தது. வானத்திலிருந்து எடுத்த படமும் தரையில் நடந்த அறிக்கையும் மோதினால் தரைக்குத்தான் மதிப்பு என்பது விதி. அம்மாளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். இன்று மூன்று மணிக்கு விசாரணை. ‘தவறு என்னுடையதே’ என்று ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து, கையெழுத்துக்கு இடம் விட்டு, அவர் கையிலேயே கொடுத்திருந்தார்கள். விசாரணைக்காகத் தன் அறையிலிருந்து காகிதங்களை எடுத்துக்கொள்ள மட்டும் அனுமதி.

கையெழுத்துப் போட்டால் மலை பாறையாகிவிடும். வெடி வைக்க வேண்டியதுதான் பாக்கி.

“போடமாட்டேன்னு சொல்லிட்டு எழுந்து வாங்கக்கா. அவ்வளவுதானே?” என்றேன்.

“வேலை போறதுக்கு நான் பயப்படல தம்பி. அந்த அறிக்கையில சாட்சிக் கையெழுத்து யாரோடது தெரியுமா? என் கூடப் பிறந்தவன். அந்த மலைக்கு வனக்காவலர். அறிக்கை பொய்னு நான் நிரூபிச்சா முதல் விலங்கு அவன் கையிலதான் விழும். ரெண்டு சின்னப் பிள்ளைங்க இருக்காங்க அவனுக்கு.” அவர் கண்களைத் துடைக்கவில்லை, மேசையைத் துடைத்தார். “மலையை விட்டா தம்பி பிழைப்பான். தம்பியை விட்டா மலை பிழைக்கும். எந்தக் கண்ணைக் குத்திக்கட்டும்?”

யோகா நக்கலுக்கு நான் மன்னிப்புக் கேட்டேன். அது அபூர்வம்.

டீச்சர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அவர் அப்படிச் செய்தால் எங்கோ ஒரு கூட்டல் தப்பாக இருக்கிறது என்று அர்த்தம்.

“ஏன் தலைகீழா மாட்டினீங்க?”

“செயற்கைக்கோள் இங்க எப்பவும் காலை பத்தரை வாக்கிலதான் கடக்கும். அப்ப சூரியன் தென்கிழக்குல இருக்கும். படத்தை நேரா மாட்டினா வெளிச்சம் கீழேருந்து அடிக்கற மாதிரி இருக்கும். ஆனா நம்ம கண்ணு வெளிச்சம் மேலேருந்து வரும்னே பழகினது. அதனால மலை பள்ளமாத் தெரியும், பள்ளம் மலையாத் தெரியும். திருப்பி மாட்டினாத்தான் உள்ளது உள்ளபடி தெரியும். படம் பார்க்கிற நாங்க ஏழு பேரும் இப்படித்தான் மாட்டுவோம்.”

நம்பாமல் நான் குனிந்து கால்களுக்கு நடுவே தலையைவிட்டுப் பார்த்தேன். சத்தியமாக, மலைமுகடு குழியாகிவிட்டது. நிமிர்ந்தபோது தலை சுற்றியது. அது என் தனிப்பட்ட பிரச்சினை.

“காடு ஏன் சிவப்பா இருக்கு? வெட்கமா?”

“இலை நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும். அதை நாங்க சிவப்பாக் காட்டுவோம். எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு சிவப்பு.” படத்தைத் தடவினார். “இன்னிக்கு எனக்கு அது கோபம் மாதிரிதான் தெரியுது.”

கொடிகளைச் செருகியிருந்தவை குண்டூசிகள். ஆனால் ஏழாம் எண்ணில் மட்டும் பூப்போட்ட கவரிங் கம்மல் ஒன்று மினுக்கியது.

“ஏழாவது ஊசி வளைஞ்சுபோச்சு, டப்பாவுல வேற இல்ல. ஜோடி தொலைஞ்ச கம்மல் ஒண்ணு மேசையில கிடந்தது. அதை வெச்சுக் குத்திட்டேன்” என்றார் வரைபடக்காரம்மா.

அந்தப் பன்னிரண்டு இடங்களும் கணினி கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கியவை. புறப்படுகிற அன்று காலையில்தான் களக்குழுவிடம் சொல்வார்கள். முன்னாலேயே தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் வெட்டவோ நடவோ ஆள் வந்துவிடும். நிறுவனம் ஒரு வாரம் முன்பே கேட்டது. அம்மாள் முடியாது என்று சொல்லி, பட்டியலை உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்து, இன்று விசாரிக்கப்போகிற அதிகாரியிடமே அப்போதே கொடுத்துவிட்டார். உறை இன்னும் பிரிக்கப்படவில்லை.

“அப்ப அவங்களுக்கு இடம் எப்படித் தெரிஞ்சது?” என்றார் டீச்சர்.

“நானே வாயால சொன்னேன்னு எழுதியிருக்காங்க. நான் சொல்லல. இந்த அறைக்கு வெளி ஆள் யாரும் வர்றதில்ல, ஒருத்தனைத் தவிர. செவ்வாய்க்கிழமையானா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து இந்த நாற்காலியில உட்காருவான்.” பெயரைச் சொல்லவில்லை. “மூணு வாரமா அவன் முகத்துல முழிக்கல. ஆபீஸ் வாசல்ல வெச்சு நாலு பேர் பார்க்க திட்டினேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான்.”

“அறிக்கையோட இணைப்பு எங்கே?”

“முதல் மூணு பக்கம்தான் கொடுத்தாங்க. மீதி ரகசியமாம்.”

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் செருப்பை மாட்டினேன்.

அந்த அலுவலகத்தின் நகல் இயந்திரம் படுத்து ஒரு வருஷமாகிறது. ஆகவே அவர்களுடைய ரகசியங்கள் எல்லாம் எதிர்ச்சாரிக் கடையில்தான் பிரதியாகின்றன. கடைக்கார அம்மாள் பாழான பக்கங்களை வீசுவதில்லை, மை துடைக்க வைத்துக்கொள்வார். “கையில மை ஆயிடுச்சும்மா, ஒரு காகிதம் கொடுங்க” என்று ஆரம்பித்தேன். அடுக்கில் பதினேழாவது காகிதத்தில் கை துடைப்பதை நிறுத்தினேன். நடுவில் கறுப்புக் கோடு விழுந்து பாழான இணைப்பு. ஒரு பட்டியல், ஒரு படம்.

ஓடிவந்தேன். மணி ஒன்றரை.

படத்தில் பன்னிரண்டு புள்ளிகள். பதினொன்று உருண்டை. ஏழாவது மட்டும் பூ.

“என் கம்மல்!” என்றார் வரைபடக்காரம்மா.

“பட்டியல்ல இருக்கிற இடங்களை வரைபடத்துல குறி” என்றார் டீச்சர். நான் சுவர்ப்படத்தில் இருக்கிற அதே சதுரத்துக்கான அரசாங்க வரைபடத்தை நேராக விரித்து, மேலே டிரேசிங் பேப்பரை ஒட்டி, பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக வைத்தேன். ஆறு வரை சிக்கலில்லை. ஏழாவதை வைத்துவிட்டு அழித்தேன். மறுபடி வைத்தேன். மறுபடி அழித்தேன்.

“என்ன?”

“என் கணக்கு தப்பு டீச்சர். ஏழாவது இடம் நீர்த்தேக்கத்துக்கு நடுவுல விழுது.”

டீச்சர் அளவுகோலை வாங்கி மூன்று தடவை அளந்தார். “முப்பத்திநாலு, வாழ்க்கையில முதல் தடவையா உன் கணக்கு சரி.”

பன்னிரண்டையும் வைத்து முடித்ததும், டிரேசிங் பேப்பரை நான்கு மூலையும் பொருந்த அரைச்சுற்று திருப்பினார். வரைபடக்காரம்மா தன் உண்மையான பட்டியலை மனப்பாடமாகச் சொல்லச் சொல்ல, பன்னிரண்டு புள்ளிகளும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன.

“மலைப்பக்கம் யாரும் போகல. இந்தச் சுவரைப் படம் பிடிச்சிருக்காங்க. கொடியில எண் நேரா இருந்ததால படமும் நேராத்தான் இருக்குன்னு நினைச்சு, ஆபீஸ்ல உட்கார்ந்து அளவுகோலால அளந்து எழுதியிருக்காங்க” என்றார் டீச்சர்.

நான் நாற்காலியைச் சுற்றி ஒரு ஆட்டம் போட்டேன். வரைபடக்காரம்மா ஆடவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப படம் பிடிச்சது அவன்தான். எங்க ஏழு பேர்ல ஒருத்தர் கொடுத்திருந்தா நேராத் திருப்பிக் கொடுத்திருப்பாங்க. இது தெரியாத வெளி ஆள் அவன் ஒருத்தன்தான்.” கடிதத்தை எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்தார். “சந்தேகமாவது மிச்சமிருந்தது. இப்ப அதுவும் போச்சு. என் சாப்பாட்டைக் கொண்டுவந்து வெச்சுட்டே என் சுவரைத் திருடியிருக்கான். திருட்டுப்பய. ஆனா என் தம்பி. நான் கையெழுத்துப் போட்டுடறேன் டீச்சர்.”

டீச்சர் அதைக் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை. பாழான பக்கத்தை மூக்கருகே பிடித்திருந்தார்.

“ஓரம் எங்கே?”

“எந்த ஓரம்?” என்றேன்.

“தலைப்பு, அம்புக்குறி எல்லாம் இருக்கிற ஓரம். இந்தப் படத்துல அது இல்ல.” கண்ணாடி மறுபடி நெற்றிக்கு ஏறியது. பிறகு சுவரிலிருந்து கம்மலைப் பிடுங்கித் தன் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். “கையெழுத்துப் போடுங்க, வேண்டாம்னு சொல்லல. நான் மூணு கேள்வி கேட்டப்புறம் போடுங்க.”

விசாரணை அறையில் ஒரு நீள மேசை, டக் டக் என்று அடித்துக்கொண்டே சுற்றும் ஒரு மின்விசிறி. விசாரணை அதிகாரி பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். வலது பக்கம் சரிபார்ப்பு நிறுவனத்தின் மேலாளர். எண்ணெய் போட்டுத் துடைத்தது போன்ற சிரிப்பு. சுவரோர பெஞ்சில், தொப்பியை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு காக்கி உடையில் ஒரு ஆள். அக்காவின் அதே மூக்கு. அக்கா அந்தப் பக்கமே திரும்பாமல் போய் உட்கார்ந்தார்.

“கடிதம் கொண்டுவந்திருக்கீங்களாம்மா?” என்றார் அதிகாரி.

“என் கட்சிக்காரர் கொடுப்பார். அதுக்கு முன்னாடி மூணு கேள்வி” என்றார் டீச்சர். மேலாளர் பக்கம் திரும்பினார். “பன்னிரண்டு இடத்துக்கும் நடந்தே போனீங்களா?”

“நடந்தேதான். கால்ல கொப்புளம் போட்டுது.”

“ஏழாவது இடத்துல என்ன பார்த்தீங்க?”

“பாறைங்க. மொட்டைப் பாறை. ஒரு மரம் கிடையாது.”

“மரம் கிடையாதுங்கறது உண்மைதான். ஐயா, இவங்க பட்டியல்ல ஏழாவது இடம் எதுன்னு உங்க கையாலேயே வரைபடத்துல குத்துங்க.” கைக்குட்டையை அவிழ்த்துக் கம்மலை நீட்டினார்.

அதிகாரி அளந்தார். உதடு அசைய எண்ணினார். குத்தினார். குனிந்து பார்த்தார். பேனா மூடி கீழே விழுந்து உருண்டது.

“இது நீர்த்தேக்கம் ஆச்சே?”

“நாப்பதடி ஆழம் சார்” என்றேன் நான். “கொப்புளம் போட்டது கால்லயா, தண்ணியிலயான்னு கேளுங்க.”

மேலாளரின் சிரிப்பு கொஞ்சம் வழுக்கியது. “தட்டச்சுப் பிழை. பன்னிரண்டுல ஒண்ணு.”

“ஒண்ணா? அரக்கு முத்திரை வெச்ச உறையை இப்பப் பிரிங்க” என்றார் டீச்சர். உறை பிரிந்தது. டிரேசிங் பேப்பரை வைத்தார், அரைச்சுற்று திருப்பினார். “பன்னிரண்டும் தலைகீழ். இந்தம்மாவோட சுவர்ல படம் தலைகீழா மாட்டியிருக்கு. அது தெரியாம அளந்திருக்காங்க. மூணாவது கேள்வி. அந்தச் சுவரை நீங்க எங்கே பார்த்தீங்க?”

“நாங்க எங்கே பார்த்தோம்?” மேலாளர் எழுந்துவிட்டார். “அந்தப் போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்ததே இவங்க தம்பிதான்! அவனைக் கேளுங்க!”

மின்விசிறி டக் டக் என்றது.

“போட்டோவா?” என்றார் அதிகாரி மெதுவாக. “நடந்து போனதாத்தானே சொன்னீங்க?”

நுணலும் தன் வாயால் கெடும். ஆனால் அதை ரசிக்க எனக்கு மனசு வரவில்லை. வரைபடக்காரம்மா கண்களை இறுக மூடியிருந்தார். அவர் பயந்த நொடி வந்துவிட்டது. எல்லார் பார்வையும் பெஞ்சுக்குத் திரும்பியது.

டீச்சர் அந்தக் காக்கி உடையிடம் போனார். வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு நடந்து வருகிற அதே நடை.

“உங்களுக்கு ஒரே ஒரு கேள்வி. படத்தோட ஓரத்தை ஏன் வெட்டினீங்க?”

தம்பி எழுந்து நின்றான். தொப்பியைத் தலையில் வைத்துச் சரிசெய்துகொண்டான்.

“வெட்டாம கொடுத்தா எழுத்து தலைகீழா இருக்கறது தெரிஞ்சிடுமே, டீச்சர்.”

வரைபடக்காரம்மா கண்ணைத் திறந்தார்.

“எங்கக்கா அறையில எந்தப் படமும் நேரா இருக்காதுன்னு எனக்கு எட்டு வருஷமாத் தெரியும். எத்தனை செவ்வாய்க்கிழமை அந்த நாற்காலியில உட்கார்ந்து கழுத்தைச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பார்த்திருக்கேன்!” “இவங்க வந்து புள்ளி வேணும், சாட்சிக் கையெழுத்தும் வேணும்னாங்க. மாட்டேன்னா என்னை மாத்திட்டு வேற ஆள்கிட்ட வாங்குவாங்க. அந்த ஆள் விவரம் தெரிஞ்சவனா இருந்தா நேரா வாங்கிக் கொடுத்துடுவான். அதான் நானே கொடுத்தேன். ஓரத்தை வெட்டிக் கொடுத்தேன். ஏழாவது இடம் தண்ணியில விழும்னு பார்த்துட்டுத்தான் கொடுத்தேன். இன்னிக்குச் சாட்சி சொல்லக் கூப்பிட்டப்ப இதைச் சொல்லத்தான் வந்தேன். டீச்சர் முந்திக்கிட்டாங்க.”

நான் டீச்சரைப் பார்த்தேன். “ஓரத்தை நிறுவனம் வெட்டியிருந்தா எழுத்தைப் பார்த்திருப்பாங்க, படத்தையும் திருப்பியிருப்பாங்க” என்று என் காதில் மட்டும் சொன்னார். “அப்ப வெட்டினது கொடுத்தவர். வெட்டினவருக்கு ஓரத்துல என்ன இருந்ததுன்னு தெரியும்.” இதற்கு முழு மதிப்பெண் போடலாம். போட மாட்டார், தனக்கே போட்டுக்கொள்ள மாட்டார்.

வரைபடக்காரம்மா எழுந்து போய்த் தம்பியின் தோளில் கோப்பால் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

“மூணு வாரம்டா! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? நாலு பேர் பார்க்க உன்னைத் துரோகின்னேனே!”

“சொல்லியிருந்தா நீ திட்டியிருக்க மாட்டே, அக்கா. நீ வாசல்ல வெச்சுத் திட்டினதை இவங்க ஆள் நின்னு பார்த்தான். அதுக்கப்புறம்தான் என்னை இங்க சாட்சிக்குக் கூப்பிடற அளவுக்கு நம்பினாங்க.”

அக்கா இன்னொரு அடிக்குக் கோப்பை ஓங்கி, அப்படியே அவன் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டார். எனக்குக் கண்ணில் ஏதோ விழுந்தது. அந்த மின்விசிறி தூசி தட்டாத மின்விசிறி.

அதிகாரி தொண்டையைச் செருமினார். “பொய்னு தெரிஞ்சே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. என்ன காரணமானாலும் அது குற்றம். வேலை போகலாம். தெரியுமா?”

“எழுதிக்கோங்க ஐயா. நான் ஓடப்போறதில்ல.” தம்பி அக்காவின் தலைக்கு மேலாக நிமிர்ந்து பேசினான். “மலை இருந்தாத்தான் மலைக்குக் காவல்காரன். மலையை உடைச்சு லாரியில ஏத்தினப்புறம் அடிவாரத்து கேட்டுல நின்னு நான் யாரைத் தடுக்கறது?”

அதிகாரி வெகுநேரம் எழுதினார். மேலாளரின் அறிக்கையைத் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். நாளைக் காலை எல்லாரும், தான் உட்பட, பன்னிரண்டு இடங்களுக்கும் நடக்கவேண்டும் என்றார்.

“மேலாளர் சார், உங்க பட்டியல்படியும் போகணுமில்ல? ஏழாவது இடத்துக்குச் செருப்பைக் கழட்டிட்டு வாங்க” என்றேன். டீச்சர் என்னை அடக்கவில்லை. அதுவே எனக்கு அந்த முப்பத்தைந்தாவது மதிப்பெண்.

கடைசியில் அதிகாரி, “அந்தக் கடிதம்?” என்றார்.

வரைபடக்காரம்மா கைப்பையிலிருந்து அதை எடுத்தார். கிழிக்கவில்லை. வரைபடத்திலிருந்து கம்மலைப் பிடுங்கிக்கொண்டு நடைபாதைக்குப் போனார். நாங்கள் பின்னாலேயே போனோம். அறிவிப்புப் பலகையின் நட்டநடுவில், மாறுதல் உத்தரவுகளுக்கும் விடுமுறைப் பட்டியலுக்கும் மேலே, அந்தக் கடிதத்தை வைத்துக் கம்மலால் அழுத்திக் குத்தினார். ‘தவறு என்னுடையதே’ என்பது தலைகீழாகத் தொங்கியது. கையெழுத்துக்கு விட்ட இடம் காலியாக மேலே நின்றது.

வாசலில் இருந்த காவலாளி எட்டிப் பார்த்தார். “அம்மா, தலைகீழா மாட்டிட்டீங்க.”

“தெரியும்” என்றார் வரைபடக்காரம்மா. “இப்பத்தான் உள்ளது உள்ளபடி தெரியுது.”